லேபர் டாக்டரம்மா

என் நாத்தனார் ஞானபாக்கியம் சீமையிலிருந்து வந்த அன்று போடி ரயில் நிலையத்தில் பாதிக் கடைவீதி கூடி நின்றது. 1937-ஆம் வருஷம், புரட்டாசி மாதம். அவள் பெட்டியிலிருந்து காலைக் கீழே வைப்பதற்குள் என் மாமனாரின் ஏலக்காய்க் கூட்டாளிகள் மாலையோடு முன்னால் பாய்ந்தார்கள். "வாங்க டாக்டரம்மா, வாங்க" என்று நாலு பக்கமும் குரல். கூட்டத்தின் ஓரத்தில் நிறைமாதக்காரி ஒருத்தியை மாட்டுவண்டியில் உட்கார வைத்திருந்தார்கள். டாக்டரம்மா வந்ததும் வராததுமாக வயிற்றை ஒரு பார்வை பார்த்துச் சொல்லட்டும் என்று அவள் புருஷன் குச்சனூரிலிருந்து ஓட்டி வந்திருந்தான்.

ஞானபாக்கியம் மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு என் காதருகே வந்தாள்.

"என்ன மதினி இது? யாரு டாக்டரு?"

"நீதான். வீட்டுக்கு வா, சொல்லுறேன்."

நடந்தது இதுதான். மதராஸில் பி.ஏ. முடித்தவளுக்கு லண்டனில் படிக்க உதவிச் சம்பளம் கிடைத்தது. வெளிநாடுகளில் தொழிலாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், எப்படிச் சங்கம் வைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் படிப்பு. என் மாமனார் ஜேசுராஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் விசாரிக்க, "மக லண்டன்ல லேபர் படிக்கிறா" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த வார்த்தை ஒரே ஓர் இடத்தில்தான் பழக்கம். மிஷன் ஆஸ்பத்திரியில் பச்சைத் திரை போட்ட பிரசவ அறையை எல்லோரும் லேபர் வார்டு என்பார்கள். கடைவீதிப் பிள்ளைகளில் பாதி அந்தத் திரைக்குப் பின்னால் பிறந்ததுகள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஞானபாக்கியம் பிள்ளைப்பேறு பார்க்கிற பெரிய டாக்டராகிவிட்டாள்.

மாமா திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. ஜவுளிக்கடைக்காரர் எழுந்து நின்று "டாக்டருக்கு அப்பா, உக்காருங்க" என்று நாற்காலி போட்டாராம். அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவருக்கு மனசு வரவில்லை. இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டுக்கு ஒட்டினாற்போலத்தான் மாமாவின் கிட்டங்கி. மலையிலிருந்து பொதிகுதிரையில் இறங்குகிற ஏலக்காயை அங்கே கொட்டி, நாற்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து காம்பு கிள்ளித் தரம் பிரிப்பார்கள். அப்படிப்பட்டவர், தன் மகள் தொழிலாளர் சங்கத்தைப் பற்றிப் படிக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வார்? ஊரை ஏமாற்றியது அவர். "உங்க நாத்தனாருக்கு எழுதிக் கேளுங்க, எனக்குக் கால் வீங்குது" என்று வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாண்டது நான்.

அவள் படிப்பை முடித்துவிட்டு வந்தவளும் இல்லை. அங்கே பஞ்சாலைப் பெண்களோடு பழகி எழுதியிருந்தாள். உன் சொந்த ஊரில் பெண்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்றும் பார்த்து வா, இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் முழுசாகும் என்று அவளுடைய பேராசிரியர் அனுப்பியிருந்தார். மாசியில் கொழும்பில் கப்பல் ஏற வேண்டும். போய் எழுதி முடித்தால் பட்டம். போகாவிட்டால் அத்தனை வருஷமும் தண்ணீரில் போட்ட மாதிரி. மாமா ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் கப்பல் இல்லை. விருதுநகரில் ஒரு மாப்பிள்ளையை வேறு அவர் பார்த்து வைத்திருந்தார். அப்பாவிடம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டு இந்த நாலைந்து மாதத்தை ஓட்டு என்று நான் முதல் நாளே அவளுக்குச் சொன்னேன். தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக் கூடாது.

நான் ராஜா ராணியைப் பற்றிக் கேட்டால் அவள் நெசவுக்காரிகளைப் பற்றிச் சொன்னாள். லங்காஷயரில் ஆலைகள் நிறைந்த ஓர் ஊரில் நெசவுக்காரி வீட்டில் குடியிருந்தாளாம். விடியுமுன் மரக்கட்டைச் செருப்புகள் கல்தெருவில் போகிற சத்தத்தில்தான் எழுந்திருப்பாளாம். ஆலைக்குள் தறிச் சத்தத்தில் காது கேட்காது. பெண்கள் உதட்டை மட்டும் அசைத்தே பேசிக்கொள்வார்களாம், ஊர்வம்பு உட்பட. வாரக் கடைசியில் சங்கத்துப் பெண் ஒருத்தி வீடு வீடாக வருவாளாம். சந்தாவை வாங்கிக்கொண்டு போய்விட மாட்டாள். இந்த வாரம் உனக்கு என்ன நடந்தது என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

ஒரு மேஸ்திரி ஒரு சின்னப் பெண்ணை வாய்க்கு வந்தபடி பேசினான் என்று ஒரு கூடம் முழுக்கத் தறியை நிறுத்தின கதையைச் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வைதது ஒருத்தியத்தான் மதினி. நிறுத்துனது எல்லாரும்."

"கஞ்சி ஆறுது, குடி" என்றேன் நான்.

மறு வாரமே கிட்டங்கியில் போய் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் பொழுது போகவில்லை, கொஞ்ச நேரம் காய் பொறுக்குகிறேனே என்று கேட்டதும் மாமா சிரித்துக்கொண்டே சரி என்றார். அவள் கொஞ்ச நேரம் இல்லை, முழு நாளும் உட்கார்ந்தாள். மற்றவர்கள் மாதிரியே முறத்தை மடியில் சாய்த்துக்கொண்டு பச்சைக் காயை ஒரு பக்கமும் வெளுத்ததை ஒரு பக்கமும் தள்ளினாள். முதல் நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். மறுநாளும் போனாள்.

பெண்கள் அவளைச் சும்மா விடுவார்களா? ஒருத்திக்குக் குழந்தை தங்கவில்லை, ஒருத்திக்குப் பால் சுரக்கவில்லை, ஒருத்திக்கு மூன்றும் பெண். ஒவ்வொருத்தியிடமும் "நான் அந்த டாக்டர் இல்லக்கா" என்று இவளும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அடக்கமான பொண்ணு என்று அதற்கும் ஒரு பெயர் வாங்கினாள். கடைசியில் அக்கம்மாள்தான் கேட்டாள். அவள் மார்க்கையன்கோட்டையிலிருந்து போடிக்கு வாழ வந்தவள், அந்தக் கூட்டத்தில் வாய் உள்ளவள்.

"அப்ப என்னதான் படிச்சீக தாயி?"

"வேலை செய்யிறவுகளப் பத்தி. அவுகளுக்கு என்ன கஷ்டம், அதுக்கு ஒண்ணாச் சேந்து என்ன செய்யிறாகன்னு."

"இதுக்கா கப்பலேறிப் போனீக? இங்கன வந்து என்னக் கேட்டிருந்தா ஒரு வெத்தலைக்குச் சொல்லியிருப்பேன்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது ஞானபாக்கியம்தான்.

"இப்பச் சொல்லுங்கக்கா. வெத்தலை நான் வாங்கித் தாரேன்."

அன்றிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்கள். இடுப்பு வலி, கண் எரிச்சல், மத்தியானம் வரை ஒதுங்கப் போக முடியாதது, வெளியே வேப்பமரத்துத் தொட்டிலில் பிள்ளை அழுவது கேட்டும் எழுந்திருக்க முடியாதது. அவள் எழுதிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. அந்தப் பஞ்சாலைக் கதைகளையும் சொன்னாள். உதடு அசைத்துப் பேசுகிற கதை அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் வாசலைப் பற்றி ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அதை அவளே பார்த்தாள்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பெண்கள் தெருவாசல் பக்கம் வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை வீரபாண்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். ஒவ்வொருத்தியும் அவன் முன்னால் கொண்டையை அவிழ்த்து உதற வேண்டும். பிறகு இடுப்பில் செருகிய மடியை வெளியே எடுத்து உதற வேண்டும். சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு காய்கூட வெளியே போகக்கூடாது என்பதற்காக. கதவு திறந்திருக்கும், தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் நின்று பார்ப்பான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது வீரபாண்டியின் வேலைதான். ஆனால் அந்த வேலையை அவன் கொஞ்சம் ருசித்துச் செய்தான் என்பது என் அபிப்பிராயம். இதற்கு ஊரில் பெயர் மடி உதறுவது. ஞானபாக்கியம் மட்டும் வீட்டுப் பக்கத்து உள்கதவு வழியாக வந்துவிடுவாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் கேட்டாள்.

"அந்தச் சோதனை வேணுமாப்பா?"

"அது சோதனை இல்ல, வழக்கம். ஏலக்காய் என்ன சோளமா, சிந்துனா சிந்துதுன்னு விட?"

"யாராவது எடுத்திருக்காகளா?"

"உதறுறதால எடுக்கல."

மாமா மோர் கேட்டார். நான் ஊற்றினேன். ஞானபாக்கியத்தின் கால் விரலை மேஜைக்கடியில் மிதித்து, கப்பலை ஞாபகப்படுத்தினேன்.

தை பிறந்தது. கிட்டங்கியில் வேலை பார்த்த ராக்கம்மாளுக்கு அப்போது ஏழாவது மாதம். சின்னப் பெண், புருஷன் மலைத்தோட்டத்தில் வேலை, மாதத்தில் ஒருமுறை இறங்கி வருவான். அன்றைக்கு அவள் கொண்டையை உதறினாள், மடியை உதறினாள், நகரப் போனாள். வீரபாண்டி நிறுத்தினான்.

"என்ன பிள்ள, உதறியும் மடி இம்புட்டுப் பெருசா இருக்கு?"

"பிள்ளை இருக்குண்ணே."

"பிள்ளை மட்டுந்தானா? சேலையத் தளத்திக் காட்டு, பாப்பம்."

தெருவில் யாரோ சிரித்தார்கள். ராக்கம்மாள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாட்டேன்" என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

"அப்ப நாளைக்கு வராத."

அவள் போய்விட்டாள். மீதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருத்தியாக உதறிவிட்டுப் போனார்கள். நானும் ஞானபாக்கியமும் உள்கதவில் நின்று பார்த்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் அழுந்தி மணிக்கட்டு கன்றிவிட்டது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அக்கம்மாளும் இன்னும் இரண்டு பேரும் எங்கள் கிணற்றடிக்கு வந்தார்கள். அக்கம்மாள் ஒரு யோசனையோடு வந்திருந்தாள்.

"தாயி, நீங்க டாக்டரு இல்லன்னு எங்களுக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும். வீரபாண்டிக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. மாசமா இருக்கிறவுக மடிய உதறுனா பிள்ளைக்கு ஆகாதுன்னு வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. ராக்கம்மாளுக்கு வேலை திரும்பிரும். முதலாளி ஊருக்கு முன்னால எம்மக டாக்டரு இல்லன்னு சொல்லமாட்டாகள்ல?"

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இதைவிடச் சுருக்கமாக மாமாவை மடக்க வழி ஏது? அவர் வளர்த்த பொய், அவர் காலையே சுற்றட்டும்.

"சொல்லிரு பாக்கியம். உனக்கும் வம்பில்ல, கப்பலுக்கும் பங்கமில்ல."

ஞானபாக்கியம் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து யோசித்தாள். அவளுக்கும் ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு இல்லை என்று தலையசைத்தாள்.

"சொன்னா ராக்கம்மாளுக்கு நடக்கும் மதினி. பிள்ளை பெத்து வந்த மறுநாள் அவளும் உதறணும். மத்தவுக இன்னைக்கே உதறணும். டாக்டரு சொன்னதால பாவம் பாத்து விட்டதா ஆயிரும். பாவம் பாக்குறது வேற, இது தப்புன்னு நிறுத்துறது வேற. அதுவும் போக, பொய் சொல்லி ஒரு காரியத்த முடிச்சிட்டு, நான் படிக்கிற படிப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எழுதுறது?"

"அப்ப நாங்க என்ன செய்யட்டும்?" என்றாள் அக்கம்மாள். கொஞ்சம் கோபமாகவே கேட்டாள்.

"அத நான் சொல்லக்கூடாதுக்கா. நான் போயிருவேன். இங்கன இருக்கப்போறது நீங்க. நான் என்ன செய்யப்போறேன்னு மட்டும் சொல்லுறேன். இன்னைக்குச் சாயங்காலம் நான் உள்கதவு வழியா வரமாட்டேன். உங்களோட வரிசையில நின்னு, வீரபாண்டி முன்னால தலைய அவுத்து மடிய உதறிட்டுத்தான் வெளிய போவேன்."

அக்கம்மாள் வாயில் கையை வைத்தாள். முதலாளி மகள், கல்யாணம் ஆகாத பெண், கடைவீதிக்கு முன்னால் தலையை அவிழ்த்துப் போட்டு நிற்பதா?

"வேண்டாம் தாயி. முதலாளி உங்களக் கப்பலேத்த மாட்டாக."

"தெரியும்க்கா."

நான் அவளைத் திட்டினேன். என்னால் முடிந்த மட்டும் திட்டினேன். படிப்பு மண்டைக்கு ஏறிவிட்டது என்றேன், பெற்றவரைத் தெருவில் நிறுத்தப் பார்க்கிறாய் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களுக்குப் பயமா இருக்கு மதினி. எனக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போனாள். அந்த இடத்தில்தான் நான் அவளிடம் தோற்றேன். பயமில்லாதவளாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு மரியாதை வந்திருக்காது.

சாயங்காலம் வரிசை நின்றது. முதலில் அக்கம்மாள், அவளுக்குப் பின்னால் ஞானபாக்கியம். வீரபாண்டி பதறிப்போய் ஸ்டூலை விட்டு எழுந்தான்.

"டாக்டரம்மா, நீங்க எதுக்கு இங்கன? நீங்க அங்கிட்டுப் போங்கம்மா."

"நான் டாக்டரு இல்லண்ணே" என்றாள் அவள். தெருவுக்கே கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "கூலி வேலை செய்யிறவுகளப் பத்தியும் அவுக சங்கத்தப் பத்தியும் படிக்கிறவ. இன்னைக்கு முழுக்க இவுகளோட உக்காந்து காய் பொறுக்கியிருக்கேன். என்னைய மட்டும் எப்படி உதறாம விடுவீக?"

தெருவில் நடந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் படியிறங்கி வந்தார். ஞானபாக்கியம் கொண்டை ஊசியை உருவினாள். லண்டனுக்குப் போனாலும் அவள் முடியை வெட்டவில்லை. இடுப்புக்குக் கீழே வந்து விழுந்தது. அதை முன்னால் எடுத்துப் போட்டு உதறினாள். வீரபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒருநாளும் திருப்பாத முகம்.

"பாருங்கண்ணே. பாக்காம எப்படித் தெரியும்?" என்று மடியில் கையை வைத்தாள்.

மாமா கல்லாப்பெட்டியை விட்டு ஓடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏய், உள்ள போ. நீ எதுக்கு உதறணும்? நீ எடுப்பியா?"

"அதத்தான்ப்பா இவுகளும் கேக்குறாக."

மாமாவின் கோபமெல்லாம் வீரபாண்டி மேல் திரும்பியது. என்னய்யா பார்த்துக்கொண்டு நிற்கிறாய், மற்றவர்களை உதறச் சொல்லி வெளியே அனுப்பு என்று கத்தினார். வீரபாண்டி அக்கம்மாளைப் பார்த்து, "ம், உதறு. உதறாம யாரும் வெளிய போக முடியாது" என்றான்.

"சரி, போகல" என்றாள் அக்கம்மாள். அப்படியே வாசலில் உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக, நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். வேலைக்கு வர மாட்டோம் என்று நிற்பதைத்தான் ஸ்டிரைக் என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க நினைத்திருந்தது. வீட்டுக்குப் போக மாட்டோம் என்று ஒரு கூட்டம் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமாவின் நிலைமையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. வெளியே போகிறவளை உதறலாம். போகாதவளை என்ன செய்வது? கதவைப் பூட்டினால் மூட்டை மூட்டையான ஏலக்காயோடு நாற்பது பேரைச் சேர்த்துப் பூட்டினதாகும். பூட்டாமல் விட்டால் கிட்டங்கி திறந்து கிடக்கும். தூக்கி வெளியே போடலாம் என்றால், ஒருத்தி மேலும் கை வைக்கிற தைரியம் அங்கே எந்த ஆம்பளைக்கும் இல்லை.

தெருவில் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. புருஷன்மார்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "ஏத்தா, சோறாக்க வேண்டாமா?" என்று ஒருவன் கேட்க, "நீ போயி ஆக்கு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. ஞானபாக்கியம் அவிழ்ந்த முடியோடு அக்கம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைமை தாங்க அவள் முண்டவே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ, உள்கதவைத் திறந்துகொண்டு போய் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் தராசுப் பக்கத்திலிருந்து கத்தினார். "பூமாரி, நீ எந்திரிச்சு வா."

"உதறாம எப்படிங்க வாரது?" என்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாமா இறங்கி வந்தார். "போங்கத்தா. உதற வேண்டாம், போங்க" என்றார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அக்கம்மாள் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"நாளைக்கு?"

"நாளைக்கும் வேண்டாம். இனிமே வேண்டாம்."

"ராக்கம்மா?"

"வரட்டும்."

அப்புறம்தான் எழுந்தார்கள். சேலையைத் தட்டிக்கொண்டு, கட்டின கொண்டையோடு, கல்யாண வீட்டிலிருந்து போகிற மாதிரி போனார்கள்.

மாமா வாக்கை மீறவில்லை. அந்த வகையில் அவர் நல்ல வியாபாரி. ஆனால் மகளோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஜவுளிக்கடை நாற்காலி போய்விட்டது, அது அவருக்கு மகளை விட வலித்தது என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். மூன்றாம் நாள் காலையில் என்னைப் பார்த்துச் சொல்கிற மாதிரி அவளுக்குச் சொன்னார்.

"கப்பல் கிடையாது. விருதுநகருக்கு ஆளனுப்பியாச்சு."

ஞானபாக்கியம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மடி உதறுறது திரும்ப வராதுல்லப்பா?"

"நான் சொன்னா சொன்னதுதான்" என்றார், அதையும் என்னைப் பார்த்தே.

"அப்ப சரிப்பா."

அறைக்குள் போய், எழுதின காகிதங்களையெல்லாம் அடுக்கி ஒரு பழைய சேலையில் கட்டினாள். முடிச்சுப் போடும்போது உடைந்துவிட்டாள். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். இப்படி ஒரு மகளைப் பெற்றுவிட்டு, அவள் அருமை தெரியாமல் விருதுநகருக்கு ஆளனுப்புகிற மனுஷனை நினைத்து எனக்கு வயிறெரிந்தது. அவளுக்குப் பதில் நான் போய்ப் படித்துத் தர முடியுமென்றால் அன்றைக்கே கப்பலேறியிருப்பேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கும்போது வாசலில் சத்தம். கிட்டங்கிப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டி வந்திருந்தார்கள். ராக்கம்மாள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் நின்றாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் என்ன? கூலியா?"

"அது அப்புறம், முதலாளி" என்றாள் அக்கம்மாள். "இப்ப வந்தது வேற. பாக்கியத்தம்மாவக் கப்பலேத்தி விடணும்."

"அது என் வீட்டு விசயம்."

"ஆமா. அதான் வீட்டுக்கு வந்திருக்கோம்."

மாமா உதட்டைப் பிதுக்கினார். "அவ போனா உங்களுக்கு என்ன லாபம்?"

"எங்களுக்கு நட்டந்தான். இவுக இங்கன இருந்தாகன்னா எங்களுக்குத் தெம்பு. ஆனா ஒண்ணு இருக்குல்ல. அந்த ஊருப் பொம்பளைக தறிய நிறுத்துன சேதிய இவுக வந்து எங்களுக்குச் சொன்னாக. நாங்க வாசல்ல உக்காந்த சேதிய அவுகளுக்கு யாரு போயிச் சொல்லுறது?"

கதவுக்குப் பின்னால் நின்ற ஞானபாக்கியம் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"லண்டனுக்குப் போயி உங்க கதையச் சொல்லப்போறாளாக்கும்" என்றார் மாமா.

"எங்க கதைய மட்டுமா? உங்க பேரும் வரும், முதலாளி. போடியில ஜேசுராஜ்னு ஒருத்தரு, அவரு கிட்டங்கியிலன்னுதான ஆரம்பிக்கணும்."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்னப் பத்தி என்னன்னு சொல்லுவா?"

"மடி உதறச் சொன்னாக, பெறகு வேண்டாம்னாக. அது வரைக்கும் ஆயிப்போச்சு. மிச்சம் இனிமேத்தான இருக்கு. அத நீங்கதான் சொல்லணும்."

மாமா அவளைப் பார்த்தார். ராக்கம்மாளைப் பார்த்தார். வாசல் முழுக்க நின்ற பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் தரையைப் பார்க்கவில்லை. அத்தனை நாளாக மகளோடு பேசாதவர் உள்ளே திரும்பினார்.

"பாக்கியம், கப்பல் என்னைக்கு?"

அவள் கதவுக்கு வெளியே வந்தாள். "மாசி..." என்று ஆரம்பித்தாள்.

"பதினொண்ணு" என்று வாசலில் நின்ற நாற்பது பேரும் சொன்னார்கள்.